புயல், வெள்ளக் காலத்தில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் சேவை செய்ய: கடலூர் கிறிஸ்தவ சபைக் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் உதவப் போகிறவர் வீட்டிலும் தண்ணீர் நிற்கும். வெளியூரிலிருந்து லாரியில் பொருள் ஏற்றி வருகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. தானும் நனைந்து, தன் வீட்டு அரிசியும் நனைந்துபோன எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒரு சபையாகச் சேர்ந்து, தங்கள் தெருவுக்கு என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம். பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியம் எதுவானாலும் இந்த முறை பொருந்தும்.

புதிதாக இறங்குகிறவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். "நம்ம கஷ்டமே பெருசா இருக்கு" என்று உள்ளே இருந்துவிடுகிறவர்கள் ஒரு வகை. முதல் நாளே நூறு பொட்டலம் கட்டி ஓடி, நான்காம் நாள் காய்ச்சலில் படுத்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வரிசை தெரியாதது.

1. மழைக்கு முன்னால்: நோட்டு, அரிசி, சாவி

புரட்டாசி முடிவதற்குள் மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது நோட்டு. ஒரு நீளமான கணக்கு நோட்டில் உங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் வீடு வீடாக எழுதுங்கள். யார் யார் இருக்கிறார்கள், தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், தினமும் மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர், ஒரு கைபேசி எண். மதத்துக்கு ஒரு கட்டம் போடாதீர்கள். போட்டுவிட்டால், நெருக்கடியில் கை தானாக அந்தக் கட்டத்தைப் பார்க்கும். கைபேசியில் மட்டும் பட்டியல் வைத்திருப்பது பெரிய தவறு. மின்சாரம் போன மறுநாள் பட்டியலும் போய்விடும். நோட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பரண்மேல் வையுங்கள். ஆளுடைய நோயும் எண்ணும் இருக்கிற நோட்டு என்பதால் அது ஒருவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது பிடி அரிசி. நம் சபைகளில் பழைய பழக்கம். பல இடங்களில் இப்போது காசாக மாறிவிட்டது. மறுபடி அரிசியாகவே ஆரம்பியுங்கள். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட வேண்டும். ஒரு பிடி சுமார் 50 கிராம் என்றால், பத்து வீட்டில் ஒரு மாதத்தில் 15 கிலோ சேரும். நூறு பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்டப் போதும். வெள்ளம் வந்து கடை மூடிய முதல் இரண்டு நாளுக்கு இந்த அரிசிதான் கை கொடுக்கும். மூடி இறுக்கமான டிரம்மில் கொட்டி, செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். தரையில் வைத்தால் ஓதம் ஏறும். காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டால் வண்டு குறையும். மாதம் ஒருமுறை பழைய அரிசியைச் சபை விருந்துக்கு எடுத்துப் புதியதை நிரப்புங்கள்.

பைபிளில் பஞ்ச காலத்தில் எலியாவுக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்ததும் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான். "எங்களிடம் இல்லையே" என்று தயங்குகிற குடும்பத்துக்கு இந்தப் பிடி அரிசியே முதல் படி. மழை வருவதற்கு முன்பே கொடுத்துப் பழகின கை, மழை வந்ததும் மூடிக்கொள்ளாது.

மூன்றாவது சாவி. சபை மண்டபம், சமையல் கொட்டகை, பாத்திர அறை மூன்றின் சாவியும் ஆயரிடம் ஒன்று, தண்ணீர் ஏறாத பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டில் ஒன்று. விறகை அட்டத்தில் ஏற்றி, மேலே தார்ப்பாய் போடுங்கள்.

2. முதல் நாள்: உங்கள் வீடு முதலில்

இதைச் சுயநலம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் விழுந்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தூதன் அவருக்கு முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக் குகையில்தான் வந்தது. அடுத்த வேலை அதற்குப் பின். தேவன் அவரைக் குகையிலேயே விட்டுவிடவும் இல்லை, பசியோடு அனுப்பவும் இல்லை.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியவை: மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தண்ணீர் புகுந்த வீட்டுக்குள் கால் வையுங்கள். சுவிட்ச் பலகையே ஈரமாக இருந்தால் தொடவேண்டாம். மின்வாரிய ஆள் வரட்டும். சாமான் நகர்த்தும்போது வெறுங்கையை அடியில் விடாதீர்கள், தண்ணீருக்குப் பயந்த பாம்பு அங்கேதான் ஒதுங்கும். குழந்தைகளையும் பெரியவர்களையும் மேடான இடத்தில் சேருங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம் எல்லாம் ஒரே பையில். பிறகு சாப்பிட்டுத் தூங்குங்கள்.

தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. இங்கே மழை விட்ட பிறகும், மேலே திருவண்ணாமலைப் பக்கம் பெய்து சாத்தனூர் அணை திறந்தால் தண்ணீர் பின்னால் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அப்படித்தான் வந்தது. மழை நின்றதை வைத்து முடிவெடுக்காமல் அணைச் செய்தியைக் கேட்டுவிட்டே குழுவை வெளியே அனுப்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. ஓடுகிற தண்ணீரில் ஆளை மீட்பது தீயணைப்புத் துறையின் வேலை. முழங்கால் அளவுத் தண்ணீரானாலும் வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளிவிடும்.

3. ஒரு தெரு, ஒரு வேலை

இரண்டாம் நாள் காலை குழு கூடும். பத்து நிமிடம் ஜெபம், பத்து நிமிடம் பேச்சு. அந்தப் பேச்சில் ஒரே ஒரு முடிவு எடுங்கள்: இந்த வாரம் நாம் தவறாமல் செய்யப்போகும் ஒரு வேலை எது? காலைச் சாப்பாடா, குடிநீரா, வீடு கழுவுவதா, மருந்து வாங்கித் தருவதா?

எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மூன்றாம் நாளைத் தாண்டாது. தெருவில் இருப்பவர்களுக்கு ஒருநாள் பிரியாணியைவிட, "ஏழரைக்கு உப்புமா வரும்" என்ற நிச்சயம் பெரிது. அதை நம்பித்தான் அவர்கள் மற்ற வேலைகளைத் திட்டமிடுவார்கள்.

காலைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மதியத்துக்கு முகாமிலும் மற்ற அமைப்புகளிடமும் பெரும்பாலும் ஏதாவது கிடைத்துவிடும். காலையில் பிள்ளைகள் எழும்போது அடுப்பு ஈரமாக இருக்கும்.

4. கேட்கிற விதம்

நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகப் போங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்பா, நீங்க பாருங்க" என்றுதான் பதில் வரும். மானம் அப்படிச் சொல்ல வைக்கும்.

நடந்ததைக் கேளுங்கள். "பெரியம்மா, ராத்திரி அடுப்பு எரிஞ்சுதா?" "அண்ணே, சுகர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?" "பாப்பாவுக்குப் பால் எங்க வாங்குனீங்க?" இந்தக் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்வார்கள். பதிலை அங்கேயே எழுதாமல், தெரு முனைக்கு வந்து எழுதுங்கள். முகத்துக்கு எதிரே எழுதினால் அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்துப் பேச்சு மாறிவிடும்.

தர முடியாததை "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "அது எங்களால முடியாதுக்கா, வி.ஏ.ஓ. கிட்ட உங்க பேரச் சொல்றோம்" என்றால் அவர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள்.

கடற்கரைக் குப்பங்களில் வீடு நனையாமலே பட்டினி வரும். புயல் எச்சரிக்கையில் கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். வெளிச்சுவர் காய்ந்திருக்கிறது என்று அந்த வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

5. நூறு பேருக்குக் காலைச் சாப்பாடு

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். அளவுகளை எழுதிச் சமையல் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரவை உப்புமா, நூறு பேருக்கு: ரவை 8 கிலோ, தண்ணீர் சுமார் 20 லிட்டர், எண்ணெய் ஒன்றரை லிட்டர், வெங்காயம் 3 கிலோ, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடுகு, உளுத்தம்பருப்பு. ரவையை மழைக்கு முன்பே வறுத்து டப்பாவில் வைத்திருந்தால் வண்டும் வராது, காலையில் முக்கால் மணி நேரமும் மிச்சம்.

சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ. ஆளுக்கு 80 கிராம் அரிசியும் 25 கிராம் பருப்பும் வரும். பருப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். வாரம் முழுக்கச் சேறு அள்ளுகிற உடம்புக்கு அதுதான் பலம். மிளகாயைக் குறையுங்கள், குழந்தைகளும் வயிறு சரியில்லாதவர்களும் சாப்பிட வேண்டும்.

தேங்காய்ச் சட்னி வேண்டாம். ஈரக் காற்றில் சீக்கிரம் கெடும். புளிக்காய்ச்சல், ஊறுகாய், வறுத்த பொடி போதும்.

வரிசை: நாலரைக்கு அடுப்பு, ஆறரைக்கு இறக்குதல், ஏழரைக்குள் கடைசி வீடு. சமைத்த சாப்பாட்டை இறக்கிய நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சூடாகப் பொட்டலம் கட்டி மூட்டையாக அடுக்குவது மிகப் பெரிய தவறு. உள்ளே வியர்த்து, நடுவில் இருப்பவை இரண்டு மணி நேரத்திலேயே புளித்த வாடை அடிக்கும். பொட்டலம் கட்டாமல் தூக்குவாளியில் எடுத்துப்போய் அவரவர் பாத்திரத்தில் போடுவதே நல்லது. பொட்டலம் தவிர்க்க முடியாவிட்டால் வாழையிலையில் கட்டுங்கள். சூடான சோற்றைச் செய்தித்தாளில் நேரடியாக வைக்கக் கூடாது, அச்சு மை ஒட்டும்.

மிஞ்சியதைச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். மனசு வராது என்பது தெரியும். ஆனாலும் ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் படுப்பதைவிட ஒரு வாளி உப்புமா போவது மேல். மறுநாள் அளவைக் குறையுங்கள்.

சமைக்கிறவர் கையில் புண்ணோ, முந்தின இரண்டு நாளில் வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று பாத்திரம் தொடக் கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்படாத ஒரு அக்காவைப் பொறுப்பில் வையுங்கள்.

முக்கியமான ஒன்று: சாப்பாடு வாங்குகிற வீடுகளிலிருந்தே ஆள் கூப்பிடுங்கள். நேற்று உப்புமா வாங்கினவர் இன்று வெங்காயம் நறுக்கட்டும். வாங்குகிற கை மட்டுமாக ஒருவரை ஒரு வாரம் வைத்திருந்தால் அவர் மனதளவில் சுருங்கிப்போவார். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற வசனத்தில் இரண்டு பக்கமும் தோள் இருக்கிறது.

6. தண்ணீரும் கழுவுதலும்

குடிக்க: கொதிக்க வைத்த தண்ணீர்தான் முதல் வழி. நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.

மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி: காலி செய்து, தேய்த்துக் கழுவி, நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும்; மூக்கைத் துளைக்கும் வாடை இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

வீடு கழுவ: சேறு காய்வதற்குள் மண்வெட்டியால் வழித்து வெளியேற்றுங்கள், அடுத்து வெறும் தண்ணீர், கடைசியில் ப்ளீச்சிங் கரைசல், ஒரு லிட்டருக்கு 15 கிராம். சேற்றின் மேலேயே தெளித்தால் சேறு அதன் வீரியத்தைத் தின்றுவிடும், தரை அப்படியே இருக்கும். ப்ளீச்சிங்கோடு ஆசிட் கலக்கவே கூடாது. வருகிற குளோரின் புகை மூச்சை அடைக்கும்.

காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், மட்டம் தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

7. கொடுப்பதில் யார் விடுபடுகிறார்கள்?

எருசலேம் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள். முறுமுறுப்பு வந்ததும் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்துக்கு ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதை நான் வாசிக்கிறேன்.

நம் ஊரில் விடுபடுகிறவர்கள்: கடைசித் தெரு, வாடகைக்கு இருப்பவர்கள், சிப்காட் பக்கம் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம். விநியோகக் குழுவில் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கட்டாயம் இருக்கட்டும். எப்போதும் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பித்துச் சபை வாசலில் முடியுங்கள். குறைந்தால் நம் ஆட்களுக்குக் குறையட்டும்.

பொட்டலத்தில் துண்டுப்பிரதி வைக்காதீர்கள், சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் நிறுத்தி ஜெபிக்காதீர்கள். பசியோடு நிற்பவர் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் சொல்வது சாட்சியாகாது. அவர்களாகவே "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டால், அங்கேயே நின்று மெதுவாக ஜெபியுங்கள். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்கவும் வேண்டாம். கணக்குக்குப் பாத்திரத்தையும் மூட்டையையும் எடுத்தால் போதும்.

நாப்கின், உள்ளாடை போன்றவற்றைப் பெண்கள் மட்டும், உள்ளே தெரியாத பையில், வீட்டுக்குள் போய்க் கொடுக்க வேண்டும்.

8. கணக்கு

பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர், எழுதுகிறவர் மூன்றாமவர். பவுல் எருசலேமுக்கான தர்மப்பணத்தைத் தீத்துவின் கையில் மட்டும் விடவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட அனுப்பினார், யாரும் குற்றம் சொல்லாதபடிக்கு. ஞாயிறுதோறும் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் சபை வாசல் பலகையில் எழுதுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அமைப்பு பணம் அனுப்புகிறேன் என்றால் உடனே எண் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தனிநபர் கணக்கில் வாங்கிச் சபைக்குக் கொடுப்பது குறுக்குவழி. அது உங்களைச் சிக்கலில் விடும்.

9. துக்கத்தில் இருப்பவருக்கு வேலை

குழுவில் ஒருவர் வீட்டில் சாவு விழுந்திருக்கலாம், படகு போயிருக்கலாம். "அவங்கள விட்டுடுங்க" என்று அன்போடு ஒதுக்கிவிடுவதுதான் வழக்கம். அந்த ஒதுக்கலே அவரை வீட்டுக்குள் அடைத்துவிடும். முதல் சில நாள் அவருக்குச் சாப்பாடு போகட்டும். அதன்பின் உட்கார்ந்து செய்கிற வேலையோடு ஒருவர் அவர் வீட்டுக்குப் போகலாம்: பூண்டு உரிப்பது, மாத்திரைப் பட்டியலைச் சரிபார்ப்பது, இரண்டு பேருக்குப் போன் செய்வது. ஒரு மணி நேரம் போதும். அழுதால் அழட்டும், வேலையைப் பிடுங்காதீர்கள், வசனம் சொல்லி அடக்காதீர்கள். வேண்டாம் என்றால் இரண்டு நாள் விட்டு மறுபடி போங்கள்.

மற்றவர்களுக்கு: தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் யாரும் அதிகாலை அடுப்பில் நிற்கக் கூடாது. யோவான் ஸ்நானகன் கொல்லப்பட்ட செய்தி கேட்டு இயேசு தனியே போனார். ஜனங்கள் பின்னால் வந்தபோது மனதுருகி உணவளித்தார். அன்று மாலையே அவர்களை அனுப்பிவிட்டு மலையில் தனித்திருந்தார். ஓய்வைப் பட்டியலில் எழுதுங்கள். எழுதாவிட்டால் நன்றாக உழைக்கிறவரே முதலில் விழுவார்.

10. லாரிகள் போன பிறகு

பத்தாம் நாளுக்கு மேல் வெளியூர் வண்டிகள் நின்றுவிடும். சமையலையும் அப்போது நிறுத்துங்கள். அதற்குமேல் நீட்டினால் அவரவர் அடுப்பு பற்றுவது தள்ளிப்போகும். இனி காகித வேலை. குடும்ப அட்டை நனைந்தவர்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போவது, இடிந்த சுவரைக் கழுவி ஒழுங்குபடுத்துவதற்கு முன் படம் எடுத்து வைப்பது, வி.ஏ.ஓ. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால் மனு எழுதித் தருவது, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். மனு எழுதத் தெரிந்த ஒருவர் அடுப்பில் நிற்கும் ஐந்து பேருக்குச் சமம். அவரை இந்த நாட்களுக்காகக் காப்பாற்றி வையுங்கள்.

சில இழப்புகள் ஒரு பருவத்தில் முடியாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. புதுக்கன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் ஒருமுறை போக ஆள் குறியுங்கள். வட்டிக்கு வாங்கினார்களா, பெண் பிள்ளை படிப்பை நிறுத்தினார்களா என்று அப்போதுதான் தெரியவரும்.

நோட்டில் ஒரு வீட்டுப் பெயரை முடித்துவிட மூன்றையும் பாருங்கள்: சொந்த அடுப்பு தினமும் எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வரவேண்டிய அட்டையும் நிவாரணமும் வந்ததா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பெயர் அடுத்த மாதப் பக்கத்துக்குப் போக வேண்டும். பொங்கல் முடிந்த வாரத்தில் நோட்டைப் புதுப்பித்து, டிரம்மைக் கழுவி வெயிலில் காயவைத்து, பிடி அரிசியை மறுபடி ஆரம்பியுங்கள்.